லத்தீனில் நாளான்னிக்கு

மக்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன் அறிவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வட்டாட்சியர் பிரத்யுஷா அம்மையாரின் கொள்கை. மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த அலுவலகம் எதுவென்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். "பொதுமக்களின் மொழித்திறன் மற்றும் வரலாற்று உணர்வு மேம்பாடு பொருட்டு" வாசலில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தார்கள். ஒரு பாதியில் தினம் ஓர் அபூர்வ ஆங்கிலச் சொல், அதன் பூர்வோத்திரத்தோடு. மறுபாதியில் 'இன்று வரலாற்றில்'. பலகை நிரம்பாமல் ஒரு கோப்பும் நகரக்கூடாது என்று சுற்றறிக்கை வேறு.

செப்டம்பர் இரண்டு, புதன்கிழமை. கார் சீட் கவர் தைக்கும் ரசாக், இருப்பிடச் சான்றுக்காக, ஐந்து 'நாளான்னிக்கு வாங்க'வுக்குப் பிறகு ஆறாவது முறையாக வந்து நின்றார். மகள் இல்மாவுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சான்றை இணையத்தில் ஏற்றாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"கையெழுத்து மட்டுந்தானுங்களே பாக்கி?"

"அதேதானுங்க" என்றார் இளநிலை உதவியாளர் கதிர். "ஆனா இன்னிக்கு வார்த்தை இன்னும் கெடைக்கலீங்க. வரலாறு எழுதிப்போட்டேன், பாருங்க."

1752-இல் இங்கிலாந்தில் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் இரண்டுக்கு மறுநாள் செப்டம்பர் பதினான்கு ஆனது என்று பலகை சொன்னது.

ரசாக் மகளுக்கு ஃபோன் போட்டார். இல்மாவுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ஐந்தே நிமிடத்தில் அனுப்பினாள்: 'பெரெண்டினேட். நாளை மறுநாளுக்குத் தள்ளிப்போடுதல். நாளை மறுநாள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.'

இதைப் படித்தாலாவது இவர்களுக்குச் சுருக்கென்று உறைக்கும் என்று ரசாக்குக்கு உள்ளூரக் குஷி.

கதிர் அதைப் பலகையில் எழுத, பிரத்யுஷா படித்தார். கண் கலங்கிவிட்டது.

"கதிர்! இத்தனை வருஷமா நாம கடைப்பிடிக்கிறது ரோமானியர் காலத்து மரபு. நமக்கே தெரியலையே!"

"நாம சும்மா நாளான்னிக்கு வாங்கன்னு சொல்லீட்டு இருந்தமுங்க, மேடம்."

மதியமே ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. சொல்லைக் கொடுத்தவர் என்ற மரியாதையில் முதல் முத்திரை ரசாக்கின் மனுவில் விழுந்தது: 'பெரெண்டினேட் செய்யப்பட்டது.' வரிசையே கைதட்டியது. நேற்றுவரை நாளான்னிக்கு என்றால் சண்டைக்கு வந்த ஜனம், இன்று முத்திரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

"மேடம், வெள்ளிக்கெழமை கடைசி நாளுங்க. புள்ளை படிப்புங்க."

"இங்கிலாந்துல பதினோரு நாளையே தொலைச்சிருக்காங்க ரசாக். உங்களுக்கு ரெண்டே நாள். நாளான்னிக்குக் கட்டாயம்."

நாளான்னிக்கு கிருஷ்ண ஜெயந்தி, அரசு விடுமுறை. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு ரசாக் ஐந்து மணி வரை நின்றார். அப்புறம் நின்று என்ன செய்வது?

திங்கட்கிழமை சான்றிதழ் வந்தது. கூடவே, யாரும் கேட்காமலே, 'சொற்கொடையாளர்' என்று ஒரு பாராட்டுப் பத்திரமும். ரசாக் கிழித்துப் போடத்தான் நினைத்தார். ஆனால் நல்ல கெட்டித் தாள், கோபுர முத்திரை வேறு. லேமினேட் செய்து கடையில் மாட்டினார்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை பக்ருன்னிசா வந்தார். நிக்காஹுக்குப் போகிற காருக்கு சீட் கவர் அன்றைக்குத் தருவதாகப் பேச்சு.

"ஆச்சுங்களாண்ணா?"

ரெக்ஸினே இன்னும் வெட்டவில்லை. ரசாக் சுவரைப் பார்த்தார்.

"பெரெண்டினேட் ஆகியிருக்குதுங்க, அம்மணி."

"அப்படீங்களா!" பக்ருன்னிசா முகம் மலர்ந்தது. வெளியே போய் வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொல்வது கேட்டது: "பெரிய வேலையாட்ட இருக்குதுங்க. இங்கிலீசுல என்னமோ பண்ணீட்டு இருக்காங்க."

உள்ளே இரண்டாவது தையல் மெஷினில் இல்மா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அத்தா, நாளான்னிக்கு வெள்ளிக்கெழமை. நம்ம கடை லீவு."