மாமனாரை மஞ்சள் கட்டத்தில் உட்கார வைத்தது பற்றி

மண்ணூர்,
11-9-1991, புதன்கிழமை.

மதிப்புக்குரிய மாமா கண்ணப்பன் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் ரகுபதி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம். அங்கு தாங்களும் அத்தையும் மைத்துனர் எல்லப்பனும், பத்து நாட்களாகத் தங்கள் வீட்டில் இருக்கிற என் மனைவி மரகதமும், என் மகள் தென்றலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சேரப்பணஞ்சேரியில் மழை பெய்ததா? இங்கு தூறலோடு சரி.

போன ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தங்களுக்கு நேர்ந்ததற்கு நான் விளக்கம் தரக் கடமைப்பட்டவன். கம்பெனியில் ஒரு ஃபேன் மோட்டார் கெட்டுப்போனால்கூட ஏன், எப்படி, யாரால் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிற வேலை என்னுடையது. மாமனார் கோபித்துக்கொண்டு போனதற்கு ஒரு வரி எழுதாமல் இருந்தால் என் மனசு ஒப்பாது.

முதலில் ஒரு பழைய விஷயம். தென்றலுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஆனால் அவள் என்னை ஒரு நாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. இது தங்களுக்கும் தெரியும், நாம் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் பிறந்ததிலிருந்து எனக்கு நைட் ஷிப்ட். அவள் விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன், நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குகிறாள். மரகதமோ தாங்கள் வளர்த்த பெண், புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். யாராவது வந்து "உன் வூட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டால் "ஷிப்ட்டு" என்பாள். குழந்தை சத்தம் போட்டால் "ஷிப்ட்டு முடிச்சிட்டுத் தூங்கறாங்க, கம்முனு இரு" என்பாள். ஆகவே குழந்தை என் பெயர் ஷிப்ட்டு என்று முடிவு செய்துவிட்டது. "அம்மா, ஷிப்ட்டு எழுந்துக்கிச்சு" என்று உள்ளே போய்ச் செய்தி சொல்லும். சரி, அப்பா என்று யாரையாவது கூப்பிடுமா என்றால், கூப்பிடும். மரகதம் தங்களை அப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் தங்களையே அப்பா என்றது. தாங்களும் ஒவ்வொரு முறையும் "இன்னாடா கண்ணு" என்று வாங்கிக்கொண்டீர்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் ஜூலை மாதம் எங்கள் கம்பெனியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு ஆலோசனை வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். காரணம் இதுதான்: தாமதமாக வருகிறவர்கள் காரணம் எழுதிக் கொடுக்கிற சீட்டுகளை யாரோ ஒரு நாள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் "குழந்தை அழுதது" என்றே இருந்திருக்கிறது. சனிக்கிழமை சாயந்திரம் கேன்டீனில் ஷாரோன் டீச்சர் என்று ஒரு அம்மா வந்து வகுப்பு எடுத்தார்கள். என்னோடு வேலை செய்கிற கோபாலும் நானும் முதல் பெஞ்சு. கோபால், தன் மகன் சுவரைச் சுரண்டித் தின்கிறான் என்று வந்தவன். நான் எதற்கு வந்தேன் என்று டீச்சர் கேட்டபோது மட்டும் பொய் சொன்னேன். குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்றேன். "எம் பொண்ணு என்ன ஷிப்ட்டுன்னு கூப்புடுது மிஸ்" என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

டீச்சர் சொன்னவை எல்லாம் நல்ல விஷயங்கள், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குழந்தையிடம் பேசுமுன் மண்டியிட்டு அதன் உயரத்துக்கு இறங்க வேண்டும். அதன் மனசில் உள்ளதை முதலில் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'செய்' என்று அதட்டாமல் இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்க வேண்டும். அடிக்கக் கூடாது. கத்தி அடம் பிடித்தால் ஒரு மூலையில் அமைதியாக உட்கார வைக்க வேண்டும், வயதுக்கு ஒரு நிமிடம், பக்கத்திலேயே நாமும் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம், அப்போதுதான் குழந்தைக்கு நம்பிக்கை வரும். "மூணு நிமிஷம்னா பிளஸ் மைனஸ் எவ்ளோ மிஸ்?" என்று கேட்டேன். "ரகுபதி சார், குழந்தைக்கு பிளஸ் மைனஸ் எல்லாம் இல்ல" என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு விஷயம் என் சொந்தச் சரக்கு. டீச்சர் மூலை என்றார்களே தவிர அந்த மூலை எங்கே முடிகிறது என்று சொல்லவில்லை. எங்கள் லைனில் சந்தேகமான மோட்டாரைத் தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் வைத்து, சிவப்புச் சீட்டு மாட்டிவிடுவோம். பிறகு நான் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை ஒருவரும் தொட முடியாது. அந்தப் பழக்கத்தில் மெயின்டனன்ஸில் சொல்லிவிட்டு மீந்த பெயின்ட்டை வாங்கிவந்து, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி கட்டம் போட்டேன். பழைய சீட்டு ஒன்றும் கொண்டுவந்தேன். "நிறுத்தி வை, அனுப்பாதே" என்று அச்சடித்திருக்கும். கீழே காரணம் என்ற இடத்தில் "அதிகச் சத்தம்" என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டு ஆணியில் மாட்டினேன். குழந்தைக்கு வேறு காரணமே கிடையாது. மரகதம் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, வூட்டையும் ஃபேக்டரி ஆக்கிக்கினு கீறீங்க?" என்றாள். நான் நோட்டைக் காட்டினேன்.

மாமா, அந்தக் கட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. நான்கு நாளில் தென்றல் கத்துவதை நிறுத்திவிட்டாள், ஐந்தாம் நாள் சிவப்புச் சீட்டு அழகாக இருக்கிறதென்று அதற்காகவே கத்த ஆரம்பித்தாள். அப்புறம் சீட்டை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். பூனையை உட்கார வைத்தாள், அது உட்காரவில்லை. பால்காரரோடு சண்டை போட்ட மரகதத்தை உட்கார வைத்தாள். மரகதம் மூன்று நிமிடமும் உட்கார்ந்துவிட்டு, "காலையிலேர்ந்து இப்பத்தான் உக்காந்தேன்" என்று சொல்லி இன்னும் மூன்று நிமிடம் கேட்டு வாங்கினாள். குறட்டைக்காக என்னை எழுப்பி உட்கார வைத்தாள். நான் சுவரில் சாய்ந்து அங்கேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன், கண் விழித்தபோது எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த அதிகபட்ச நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒன்றாம் தேதிக்கு வருகிறேன். தாங்கள் முருங்கைக்காய்க் கட்டோடு உள்ளே நுழைந்தபோது நான் குழந்தைக்கு முன்னால் மண்டி போட்டு, பச்சைச் சட்டையா நீலச் சட்டையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. தாங்கள், "இன்னா மாப்ளே, ஆம்பள மண்டி போட்டுக்கினு கொயந்தகிட்ட பேரம் பேசற? முதுவுல ரெண்டு வெச்சா தானா மாட்டிக்குது!" என்றீர்கள். மூன்று கழனி தாண்டி மோட்டாரை நிறுத்தச் சொல்லுகிற குரல் தங்களுடையது. எங்கள் வீடோ பத்துக்குப் பத்து. அந்த நேரத்தில் நான் செய்த முதல் தவறு, மண்டி போட்ட நிலையிலேயே தங்கள் பக்கம் திரும்பியது. இரண்டாவது தவறு, பழக்க தோஷத்தில் தங்கள் கண்ணைப் பார்த்து, "மாமா, உங்களுக்குக் கோவம் வந்திருக்கு, எனக்குப் புரியுது. மோர் வேணுமா, காபி வேணுமா?" என்று கேட்டது. சத்தியமாகக் கிண்டல் இல்லை. தாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு முனியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் தென்றல் ஆணியிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தங்கள் விரலைப் பிடித்துக் கட்டத்துக்கு இழுத்தாள். விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள். பின்னால் போய்ச் சட்டைக் காலரில் சீட்டை மாட்டினாள், தாங்கள் கவனிக்கவில்லை. "சத்தம் போட்ட இல்ல? மூணு நிமிஷம்" என்றாள். ஒன்றரை நிமிடத்தில் எழுந்தீர்கள். "மொதல்லேர்ந்து" என்றாள். தாங்கள் என்னைப் பார்த்து, "மாப்ளே, இன்னா இது?" என்றீர்கள். மருமகன் என்கிற முறையில் நான் ஓடிவந்து தங்களைத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு மாமா" என்றேன். காபியோடு வந்த மரகதம் கண்டது, பெற்ற தகப்பன் அரிசி டிரம் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதையும் கட்டிய புருஷன் மணி பார்ப்பதையும்தான். விதிப்படி தங்களுக்கு அறுபத்தொரு நிமிடம், மூன்று என்பது சலுகை என்று நான் விளக்கம் சொன்னது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று. அவள் ஒரு மஞ்சள் பையில் துணியை அடைத்தாள், பிள்ளையைத் தூக்கினாள், தங்களோடு புறப்பட்டுவிட்டாள்.

அந்தச் சீட்டோடு தாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்ததைக் கோபால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதே பஸ்ஸில் பின் சீட்டில் இருந்திருக்கிறான். கண்டக்டர், "பெரியவரே, அனுப்பாதேன்னு எய்திக்கீது, உன்ன யாரு அனுப்சது?" என்று கேட்டதாகவும், ஒரகடம் தாண்டும்வரை தங்களுக்குப் புரியவில்லை என்றும் சொன்னான். தான் சிரிக்கவில்லை என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தான். கீழே என் கையெழுத்து இருந்ததால், இதை யாரோ செய்தார்கள் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

மாமா, நான் ஏன் எழுந்து வரவில்லை என்று மரகதத்திடம்கூடச் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன். தங்களை உட்கார வைக்கும்போது தென்றல் சொன்னது முழுசாகத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். "தாத்தா, உக்காரு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்பா, மணி பாரு" என்றாள். அவ்ளோதான் மாமா. மூணு வருஷமா காத்துக்கினு இருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது வந்து சேர்ந்த நேரத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மணி பாக்கச் சொல்லிச்சு, பாத்தேன். அது எதச் சொல்லியிருந்தாலும் அன்னிக்கிச் செஞ்சிருப்பேன். தங்களுக்கு வந்த கோபமும் கட்டத்தில் உட்கார்ந்ததற்காக இல்லை, சீட்டுக்காகவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் அப்பாவாக இருந்தவரை ஒரே நிமிடத்தில் தாத்தா ஆக்கிவிட்டது. தங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்குப் புரிகிறது. இதை வகுப்பில் படித்ததால் சொல்லவில்லை.

ஆகவே என் முடிவுகளைக் கீழே தருகிறேன். மஞ்சள் கோட்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை, பாயைப் போட்டு மூடிவிட்டேன். வகுப்பிலிருந்து நின்றுவிட்டேன். அப்பா என்ற பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நான் ஷிப்ட்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்குப் பழகிவிட்டது. இதற்குப் பதிலாக வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்களே இருவரையும் அழைத்துவந்து விட வேண்டும். நான் வந்து வாசலில் நிற்க மாட்டேன். கோபித்துக்கொண்டு கூட்டிப்போனவர்தான் கொண்டுவந்து விட வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம். தவிர சூப்பர்வைசர் லீவும் தருவதாக இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். எல்லப்பனுக்கு என் அன்பு. மரகதத்திடம் பால்காரர் இரண்டு தடவை விசாரித்தார் என்று சொல்லவும். தென்றலுக்கு எட்டாத உயரத்தில் ஆணி எதுவும் இருந்தால் அதில் எதையும் மாட்ட வேண்டாம், ஏறிவிடும். தங்கள் ஆசி வேண்டும்,

மருமகன்
ரகுபதி.

பி.கு. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது எல்லப்பன் மொபெட்டில் வந்து இறங்கினான். சட்டைப் பையிலிருந்து அதே சிவப்புச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். "தென்றல் குடுத்து வுட்டுச்சு. அப்பா பத்து நாளா வரல, வந்து கட்டத்துல உக்காரணுமாம். எந்த அப்பான்னு எங்கப்பாவே கேட்டாரு. ஷிப்ட்டு அப்பான்னுச்சு" என்றான். தாங்கள் கூடத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருப்பதையும், தினமும் சாயந்திரம் அவள் சொல்லும் நேரத்துக்குத் தாங்களே போய் உட்கார்ந்துகொள்வதையும், கால் பட்டுச் சுண்ணாம்பு அழிந்துபோகிறதென்று மீதி மஞ்சள் பெயின்ட்டைக் கேட்டிருப்பதையும் சொன்னான். அரை டப்பா இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். ஆகவே மேலே எழுதிய முடிவுகளைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வாசலில் நிற்க மாட்டேன் என்றதை அடித்துவிடவும். பெயர் விஷயத்தில் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்ற முடியாது, மன்னிக்கவும். லீவுச் சீட்டைக் கோபாலிடம் கொடுத்தனுப்பிவிட்டேன், காரணம் "குழந்தை கூப்பிட்டது" என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எல்லப்பனிடம் கொடுத்தனுப்பலாம் என்றால் அவன் வண்டியில் பின்னால் உட்காரப்போவதே நான்தான். நானே கொண்டுவந்து தருகிறேன். நான் கட்டத்தில் இருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம். வயதுக்கு ஒரு நிமிடம் என்றால் எனக்கு முப்பத்திரண்டு வருகிறது, சலுகை கேட்கப்போவதில்லை.