உப்பளத்து வேம்பில் புல்லுருவி வதைப் படலம்

வாழ்க ஆவுடையப்பன்! முத்துக்குளித்துறைக் கடற்காற்றில் கறுத்த மேனியன், உச்சிவெயிலைத் துண்டு முண்டாசால் தடுக்கும் மணிமுடியோன், உப்பு தின்று வெடித்த குதிகால்களின் கோமான், உப்பு வாரும் வாருபலகை ஏந்திய வலக்கையன். அவன் புகழ் பாட வந்தோம், செவி கொடுப்பீர்.

கண்ணெட்டும் மட்டும் வெண்பாத்திகள் விரிந்து கண்ணைப் பறிக்கும் அவ்வுப்பளத்தில், கரைமேட்டில் நின்ற ஒற்றை வேம்பே உப்பு வாருவோர்க்கெல்லாம் வெண்கொற்றக்குடை. மத்தியானம் தூக்குச்சட்டி திறக்க வேறு நிழல் அந்நாட்டில் இல்லை. அக்குடைமேல், கட்டைவிரல் பருமனே உள்ள குருவியொன்று, தின்ற பழத்தின் பிசின்விதையைப் பின்புறத்தால் தேய்த்துவிட்டுப் பறக்க, அது புல்லுருவி எனும் அரக்கனாய் முளைத்து, மண்ணில் வேரூன்றிப் பிழைக்கும் பாடறியாது, பட்டைக்குள் பல்பதித்து, வேம்பின் நீரை உறிஞ்சிச் செம்மலர் சூடிச் செழித்தது. அதற்கப்பால் கொப்புநுனிகள் விறகாயின. நிழல் கிழிந்தது. சோற்றில் வெயில் விழுந்தது.

வெகுண்டான் வீரன். உப்பு வாரும் அதே வாகில் வாருபலகையை ஓங்கி, அரக்கனின் சிகைபற்றி இழுத்தான். குருதியாறு பெருகியது என்றெழுத ஆசைதான். கொத்து இலையும் ஒரு முசுறு எறும்புக் கூடும் முகத்தில் விழுந்தன. மழை வந்ததும், பட்டைக்குள் பதுங்கிய வேர் மீண்டும் துளிர்த்தது.

பக்கத்துப் பாத்திச் சுடலைச்செல்வி, புல்லுருவி பிடித்த கொப்புகளை அடியோடு அறுத்தால் தொல்லை ஒழியும், மற்றக் கொப்பு பிழைக்கும் என்றாள். மன்னன் மறுத்து அருளினான்:

"கொப்பு போனா நெழலு போகும்லா. அந்தப் பயலுக்குத் மண்ணுல தனியா வேரு கெடையாது, வேம்பு குடிக்கதத்தான் குடிக்கான். அந்தத் தண்ணியிலயே உப்பக் காட்டிருவோம்."

"வேம்பும் அதத்தான குடிக்கும், அண்ணாச்சி?"

"ஏளா, உப்பப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியா?"

நாக்கில் தொட்டே பாத்திநீர் எப்போது உப்பாய் உறையும் எனச் சொல்லும் வித்தகன் வாக்கை எவர் தட்டுவார்? யானைப்படை போல் பிளாஸ்டிக் வாளிகள் அணிவகுத்தன. முற்றிய உவர்நீர் வேம்பின் தூரில் ஊழிக்கடலெனக் கவிழ்ந்தது, கடலென்றால் கணுக்கால் ஆழந்தான். வெற்றி வெற்றியென முழங்கியபடி நாங்களும் சுமந்தோம்.

வேம்பு மஞ்சளித்தது, உதிர்ந்தது, மொட்டையாயிற்று. அம்மொட்டைக் கொப்புகளின் நடுவே, கடைசிச் சொட்டும் குடித்துத் தீரும்வரை, அரக்கன் மட்டும் பச்சைக்கொடி பிடித்து நின்றான்; பிறகு அவனும் சருகானான். பகைவன் மாண்டான்! பகைவன் ஏறிய கோட்டையும் மாண்டது. வாருபலகையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நின்ற வெற்றிவேந்தன் அருகே சுடலைச்செல்வி வந்து, பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"ரெண்டும் செத்துட்டு, அண்ணாச்சி."

இப்போது நாங்கள் உப்பு லாரிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.