ஒன்றும் போடாத விரல்

லோத்குண்டா அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மதிலோரம் வெட்டுக்காயப்பூண்டு தன்பாட்டுக்கு முளைத்துக் கிடந்தது. செய்யவேண்டிய வேலையைப் பெயரிலேயே வைத்திருக்கிற செடி. ஆனாலும் அது வலியைக் குறைக்கிறதா, காயத்தை ஆற்றுகிறதா என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்துக்கென்று ஓர் ஆய்வு மையம் திறந்து, பத்ரிநாராயணனை நிர்வாக அதிகாரியாகப் போட்டார்கள்.

மையத்தில் எல்லாம் இருந்தது. காயம்தான் ஒன்று குறைந்தது. இருபது பேர் வேண்டும். பத்தொன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இருபதாவது ஆள் இல்லாவிட்டால் ஆய்வு ரத்து. ரிடையராக எட்டே மாதம் இருக்கும் பத்ரிநாராயணனின் பிரமோஷனும் ரத்து. இந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி கல்பகம் சேனைக்கிழங்கு நறுக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள்.

"பெருமாளே!" என்று அவர் கைகூப்பினார். தனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று கல்பகம் நினைத்தாள்.

டைரக்டர் ஸ்ரீனிவாஸ் விரலை ஸ்கேல் வைத்து அளந்தார்.

"ரெண்டு சென்டிமீட்டர். தகுதி இருக்கு. வலி எவ்வளவு மேடம்? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ளே சொல்லுங்க."

"பாத்திரம் தேய்க்கறச்சே பன்னிரண்டு."

"பத்துக்கு மேலே ஃபாரத்திலே இடமில்லை."

வலி பத்தாகக் குறைக்கப்பட்டது. வலி நிவாரணத்தில் மையம் கண்ட முதல் வெற்றி அது.

பத்துப் பேருக்குப் பச்சிலை, பத்துப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்பது விதி. அதிகாரியின் மனைவிக்குச் சலுகை என்ற பேச்சு வரக்கூடாதென்று, மேற்படி விரலை ஒன்றும் போடாத பிரிவில் சேர்த்தார்கள்.

"ஏன்னா, மதிலோரம் இலை கிடக்கே. துளி கசக்கிப் பிழிஞ்சுக்கறேனே?"

"ஐயோ, உன் விரல் இப்போ ஃபைல்லே இருக்குடி!"

"நக்கோ மேடம், நக்கோ! வேண்டவே வேண்டாம்!" என்று ஸ்ரீனிவாஸும் பதறினார்.

மதிலோர இலை மையத்துக்கும் ஆகாது. டெண்டர் விட்டு வெளிமாநிலத்திலிருந்துதான் வரவேண்டும். வந்துசேர்ந்தது சருகு. ஃபாரத்தில் பச்சிலை என்று அச்சாகியிருந்ததால், சருகையே பச்சிலையாகப் பதிந்துகொண்டு தடவினார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், புளி கரைக்கும்போது எரிச்சலில் கல்பகத்துக்கு உயிர் போயிற்று. மதிலோரம் போய் நாலு இலையைக் கசக்கிப் பிழிந்துகொண்டாள். அந்த வாரமே காயம் மூடிவிட்டது.

சருகுப் பிரிவில் ஒருவருக்கும் ஆறவில்லை. ஒன்றும் போடாத பிரிவில் மற்ற ஒன்பது பேரும் பாதியிலேயே வேறு டாக்டரிடம் ஓடியிருந்தார்கள். மிஞ்சியது கல்பகத்தின் விரல் ஒன்றுதான். 'நூற்றுக்கு நூறு பேருக்கு ஆறியுள்ளது. ஆகவே ஒன்றும் போடாமையே உயர்ந்த மருந்து' என்று அறிக்கை போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தபோது, பத்ரிநாராயணன் பிரமோஷன் ஆர்டரோடு உள்ளே வந்தார். திறந்த வாயால் "சந்தோஷம்னா" என்றாள்.

பணக்காரப் பேட்டையான கச்சிபௌலியில் 'ஒன்றும் போடாத சிகிச்சை' பிரபலமாயிற்று. ஒன்றும் போடாமல் விட மூன்று வாரம் முன்பே பதிவு செய்யவேண்டுமாம். இனிப் பயனில்லை என்று பூண்டை வேரோடு பிடுங்கும்படி பத்ரிநாராயணனே கையெழுத்துப் போட்டார்.

புதுக் கிளைத் திறப்பு விழாவில் ரிப்பனோடு தன் விரலையும் வெட்டிக்கொண்டார்.

"ஏதாவது போடுடி கல்பகம்! மதிலோரம் அந்த இலை..."

"நீங்கதானே பிடுங்கச் சொன்னேள்?"

ஸ்ரீனிவாஸ் ஸ்கேலோடு ஓடிவந்தார். டைரக்டர் மேற்பார்வையில் அதிகாரிக்கே ஒன்றும் போடாததைப் பார்த்து, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பத்ரிநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் குனிந்தார். "உனக்கு மட்டும் எப்படிடி ஆறித்து? நிஜத்தைச் சொல்லு."

"ஃபைல்லே இருக்கே, பாருங்கோ," என்று கல்பகமும் கைதட்டினாள்.