முதுகில் இருபத்து நான்கு முறை குத்தியவன் எழுதும் கடிதம்

பெருமதிப்பிற்குரிய, சம்பந்தியாகப் போகிற, இன்னும் ஆகிவிடாத, ஆனாலும் ஆகிவிடுவீர்கள் என்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் நம்பிக்கொண்டிருக்கிற ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் முதுகின் நலத்தை நான் விசாரிப்பது முறையாக இருக்காது. எனவே அதை மட்டும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அரைக் கோப்பை டீ குடித்தீர்கள். மீதி அரைக் கோப்பை உங்கள் சட்டையில் கொட்டியது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. நானும் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நேற்று என் மகள் எதிரில் வந்து நின்று, "அப்பா, கெடுத்தது நீங்க. நீங்களே சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயால் பேசினால் நான் இன்னும் கெடுத்துவிடுவேன் என்று என் மனைவி அபிப்பிராயப்பட்டதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கணக்கு இல்லை, தேர்வுக்கூட மேற்பார்வை. ரப்பர் செருப்பு, பையில் சாவி கிடையாது, சில்லறை கிடையாது, பேனாகூட மூடி ஆடாத பேனா. நான் வந்து நிற்பது எந்தப் பிள்ளைக்கும் காதில் விழாது. தொடையில் எழுதிவந்ததைப் பார்க்கிறவன் பார்த்து முடித்து, விடைத்தாளில் எழுதி, திருப்தியாக மூச்சு விட்டு, ஏதோ தோன்றித் திரும்பினால் அங்கே நான் இருப்பேன். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். வீட்டில் தேர்வு எழுத யாரும் இல்லை, மனைவி மட்டும்தான். அவள் சமையலறையில் திரும்புகிற போதெல்லாம் பின்னால் நான் நின்றிருக்கிறேன். மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடி ஜாடி, ஒரு மிக்ஸி மூடி போயின. "இருமிட்டாவது வாங்க, இல்லன்னா இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தச் செருப்பு இருக்கணும்" என்றாள். அப்போதுதான் என் மகள் அவளுடைய பழைய டேப்லெட்டில் அந்த விளையாட்டை ஏற்றி என் கையில் கொடுத்தாள். "அப்பா, இதுல சத்தமில்லாம பின்னாடி போய் நின்னா பாயிண்ட் தருவாங்க" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்த விளையாட்டுதான். இருந்தாலும் சம்பந்தியம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர், நடுவில் ஒரு கோட்டை. கவசம் போட்டுக் கேடயம் பிடித்த வீரன் உண்டு, வில்லாளி உண்டு, காயத்துக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது நிஞ்ஜா. கருப்புத் துணி சுற்றிய ஒல்லி ஆள். ஒரு அடி சரியாக விழுந்தால் சுருண்டுவிடுவான். ஆனால் சுவரில் ஏறுவான், கூரைக்குக் கூரை தாவுவான், புகைக்குண்டு ஒன்றைப் போட்டுவிட்டு எட்டு விநாடி கண்ணுக்கே தெரியாமல் போவான். முன்னால் நின்று குத்தினால் சாதாரணக் குத்து. பின்னாலிருந்து குத்தினால் மும்மடங்கு. எனக்கு இரண்டு மூட்டும் தேய்ந்து, மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். அந்த நான் முதல் நாள் சாயங்காலம் கூரைமேல் ஓடினேன் சம்பந்தி. ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் எனக்குக் குத்த வரவில்லை. சத்தமில்லாமல் எதிரியின் பின்னால் போய்விடுவேன், அவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். பழக்கதோஷம். எங்கள் அணியில் வைத்தியராக இருந்த ஒரு பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், வேடிக்கை பாக்காதீங்க, குத்துங்க" என்று கத்திய பிறகுதான் குத்தப் பழகினேன். பழகியபின் கை நிற்கவில்லை. விளையாட்டில் எனக்கு 'அமைதி' என்று பெயர் வைத்துக்கொண்டேன், அது தேர்வுக்கூடத்தில் நான் அதிகம் சொன்ன சொல். தினமும் நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணி வரைக்கும் 'அமைதி' என்றால் எதிர்ப்பக்கம் அலறும்.

அந்த எதிர்ப்பக்கத்தில்தான் 'எஃகுமலை' என்றொருவர் இருந்தார். கோட்டை வாசலில் தலையிலிருந்து கால்வரை இரும்பு போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, நேராக மட்டுமே பார்த்தபடி நிற்பார். முன்பக்கமாக வந்த எவரும் அவரைத் தாண்டிப் போனதில்லை. அவ்வளவு வீரம். ஆனால் பின்பக்கம் ஒன்று இருப்பதாகவே அவர் நினைத்துக்கொள்ளவில்லை. அவரை நான் இருபத்து மூன்று முறை குத்தினேன். குத்தியதோடு விட்டேனா, இல்லை. விடைத்தாள் திருத்திய கை. ஒவ்வொரு தடவையும் அவர் விழுந்ததும் கீழே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். முதல் தடவை, "கவனம் போதாது, முயன்றால் முடியும்." ஏழாவது தடவை, "திரும்பத் திரும்ப அதே தவறு." பதினைந்தாவது தடவை, "பெற்றோரை அழைத்து வரவும்." இருபத்து மூன்றாவது தடவை எழுதியதுதான் என் தலையில் வந்து விழுந்தது. "பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கத் தெரியாத இவருக்கு எந்த வண்டியையும் ஓட்ட உரிமம் தரக்கூடாது."

இருபத்தாறு வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஸ்டீயரிங்கைத் தொடும் முன் பின்கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதையே முதல் பாடமாகச் சொல்லித்தருகிற ஒருவருக்குத்தான் இதை எழுதினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமை தெரிந்தது. பெண்கள் காலண்டரைப் பார்க்க உள்ளே போனார்கள். நாம் இருவரும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தோம். பேச ஏதாவது வேண்டுமே என்று, பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். நீங்கள் விளையாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். "ஒருத்தன் இருக்கான் சார். மூஞ்சி தெரியாது. குத்தினத எல்லாம் மன்னிச்சிருவேன். லைசென்ஸப் பத்தி எழுதினான் பாருங்க, அத மட்டும் மன்னிக்க மாட்டேன். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல" என்றீர்கள். டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்து ஓடினேன். சமையலறையில் நின்றபடியே, கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தவன் செருப்பை மாற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தட்டோடு கூடத்துக்கு வந்தேன். நீங்கள் கிடைத்த ஐந்து நிமிடத்தில் போனை எடுத்து விளையாட்டைத் திறந்திருந்தீர்கள். நான் வந்தது உங்களுக்குக் கேட்கவில்லை. முதல் கோப்பையை உங்கள் கைப்பக்கம் வைத்தேன், நீங்களும் பார்க்காமலே எடுத்து அரைவாசி குடித்துவிட்டீர்கள். நானோ நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கோட்டை வாசல், அதே இரும்பு. பின்சுவரில் யாரோ ஒரு நிஞ்ஜா, சத்தியமாக நான் இல்லை, வேறு யாரோ, ஏறி வந்துகொண்டிருந்தான். கண் முன்னால் ஒருவர் தப்புச் செய்யும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் கற்றுத் தரவில்லை. "திரும்பத் திரும்ப அதே தவறு, எஃகுமலை" என்று சொல்லிவிட்டேன். உங்கள் விளையாட்டுப் பெயரை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். டீ சட்டையில் கொட்டியது. "நீங்களா?" என்றீர்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, எனவே பிஸ்கெட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு விளையாட்டுக்குள் வந்தேன். நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். கூரை வேண்டாம், புகை வேண்டாம் என்று கத்தியை உறையில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்து உங்கள் எதிரில் நின்றேன். ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கள், மனசு ஆறட்டும் என்று கழுத்தைக் காட்டி நின்றேன். நீங்கள் வெட்டவில்லை. நான் முன்னால் நிற்கிறேன் என்றால் ஆபத்து பின்னால்தான் இருக்கும் என்று நினைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தீர்கள். சம்பந்தி, யோசித்துப் பாருங்கள். திரும்பினால் எது என் பக்கம் வரும்? முதுகு வந்தது. கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை. குத்திவிட்டு, "முன்னேற்றம் தெரிகிறது" என்று குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டது. அது இருபத்து நான்காவது.

குத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அது ஆட்டம். உரிமத்தைப் பற்றி எழுதினேனே, அதற்குக் கேட்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு யோக்கியதையே கிடையாது. நான் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவன். மூன்றாவது முறை தேர்வு அதிகாரியின் சொந்த ஸ்கூட்டரின் மேலேயே காரை ஏற்றிவிட்டு, அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறவன். நீங்கள் எனக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கலாம். உங்கள் பள்ளியிலேயே சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் திட்டத் திட்ட ஓட்டவும் தயார். இன்று காலையில் அந்த விளையாட்டையே டேப்லெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இனி அதைத் தொட மாட்டேன். என் மனைவி சாட்சி. ரப்பர் செருப்பையும் அவள் தூக்கிப் போட்டுவிட்டு, டக்டக்கென்று சத்தம் போடுகிற ஒன்றை வாங்கித் தந்திருக்கிறாள்.

என் மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். உங்கள் மகனோடு போனில் பேசும்போது அவள் சிரிக்கிற சிரிப்பை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன், ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு நாளாக அது இல்லை. என் விரல் சும்மா இல்லாததால் அந்தச் சிரிப்பு நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கு நூறு வருஷத்துக்குப் போதுமான ஆசியும், உங்கள் பயிற்சிப் பள்ளி வண்டிகள் எல்லாவற்றுக்கும் கீறல் விழாத ஆயுளும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது சம்பந்தியம்மாவோடு வந்திருந்த நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். முழுவதையும் படித்துவிட்டதாகச் சொன்னீர்கள். முதல் மூன்று நாள்தான் கோபமாம், மற்ற எட்டு நாள் நாற்பது பேருக்கு ஓட்டுநர் தேர்வாம், அதனால்தான் போன் இல்லையாம். "எதிர்ல இருந்தாத்தானே சார் தொந்தரவு, எங்க டீமுக்கு வந்துருங்க. எங்க நிஞ்ஜா விலகிட்டான், ஃபைனல் வருது" என்றீர்கள். எனவே இனித் தொட மாட்டேன் என்று மேலே நான் எழுதியிருப்பதை அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். நான்கு நிமிடத்தில் மறுபடி ஏற்றிவிட்டேன். இப்போது நாம் எல்லோரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம், இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் இதை எழுதி உங்கள் டீக் கோப்பைக்கு அடியில் நகர்த்துகிறேன். சற்றுமுன் என் மனைவியும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து காலண்டரில் வட்டம் போட்டார்களே, நாம் இருவரும் தலையாட்டினோமே, மண்டபமும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் ஃபைனல். நீங்கள் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன், உங்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. தேதியை மாற்றச் சொல்லி அந்த இரண்டு பேரிடமும் யாராவது பேசியாக வேண்டும். கவசம் போட்டிருப்பவர் நீங்கள். முன்னால் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன்.