பிக்கப்பின் இடப்பக்கம் பற்றி

சிவமயம்

அளவெட்டி,
20.3.1974

கொடிகாமம் திருவாளர் சண்முகநாதன் அவர்களுக்கு முத்துக்குமாரு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் பாரியார் இரத்தினம்மாவும் மகள் நாகேஸ்வரியும் மாடுகள் இரண்டும் இறைவன் அருளால் சுகம். தங்கள் பல்வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தப் பல்வலியால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரமுடியாமற் போனதற்கு அன்று வருந்தினேன். இன்று அதைத் தாங்கள் முற்பிறப்பில் செய்த புண்ணியம் என்று நினைக்கிறேன். என் வலக்கையில் கட்டு, மூக்குக்கண்ணாடியும் இல்லை. ஆதலால் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். தங்கள் பாரியார் குணலட்சுமி அம்மா வீட்டுக்கு வந்து என்ன சொல்லியிருப்பா என்று எனக்குத் தெரியும். அவ சொன்னது முழுவதும் உண்மை. அதற்கான காரணத்தை மட்டும் நான் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய பிக்கப். தோட்டத்துக்குப் போகிற ஒழுங்கை முழுவதும் கல்லுத்தரை. பின்பக்கத்துச் சொக் அப்சோபர் இரண்டும், அதாவது சில்லு கிடங்கில் விழுந்தால் வண்டி துள்ளாமல் அடக்கிப் பிடிக்கிற இரும்புக் குழாய்கள், அச்சுக்குக் கீழே நாயின் நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தபடியால், வெங்காயம் ஏற்றிவரும் நாளெல்லாம் கல்லுக்குக் கல் அடிபட்டு நெளிந்தன. சாமான் இறக்குமதி இல்லாத காலத்தில் புதிதுக்கு எங்கே போவது? கொழும்புத்துறையில் தோணி எஞ்சின் திருத்துகிற லியோனைக் கூப்பிட்டேன். அவர் வண்டியின் கீழே போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணை, கல்லை இடம் மாத்தேலாது. சொக்கை மாத்துவம்" என்றார். கீழ் நுனியை அச்சுக்கு மேலே ஏற்றி, மேல் நுனியை உள்பக்கம் சரித்து, குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் போட்டு அதில் பூட்டுவதாகத் திட்டம். அடுத்த முறை வரும்போது அவர் கையில் கொப்பித் தாளில் கீறிய படம் ஒன்றும் இருந்தது. ஆர் கீறினது என்று கேட்டேன். படித்த ஆள் ஒன்று என்றார். இந்த ஊரில் படித்த ஆட்கள் கூடித்தான் போனார்கள்.

இருந்த இடத்தில் இருந்து ஒன்றைப் பெயர்ப்பது குடிபுகுவதற்குச் சமம் அல்லவா? சாத்திரியாரிடம் நாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி என்றார். லியோன் எட்டுக்குத் தொடங்கி, இரண்டு சொக்கையும் கழற்றி, வலப்பக்கத்ததைப் புது இடத்தில் பூட்டி நட்டை இறுக்கவும் பத்தரை மணி அடிக்கவும் சரி. ராகுகாலம். ஸ்பனரை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பன்னிரண்டுக்கு ராகு விலகினாலும் அடுத்த நல்ல நேரம் நாலரைக்குத்தான். மூன்றுக்கு லியோனுக்குத் தேவாலயத்தில் சிலுவைப்பாதை. தவக்கால வெள்ளி, இரண்டு மணி பஸ்ஸை விடேலாது என்றார். அவரவர்க்கு அவரவர் தெய்வம், நான் மறிக்கவில்லை. சனிக்கிழமை வாறன் என்றார். சனியில் இடம் மாறினது திரும்பவும் இடம் மாறும் என்று நான் சம்மதிக்கவில்லை. ஞாயிறு காலை வாருங்கோ என்றேன். ஞாயிறு பூசை என்று அவர் சம்மதிக்கவில்லை. இப்படியாக இரண்டு சமயமும் ஒற்றுமையாக நின்று என் பிக்கப்பை நடுவாலே பிரித்தன. வலப்பக்கத்துக்குச் சொக் உண்டு, இடப்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. வாடகைக் கார் பிடியுங்கோ என்று இரத்தினம்மா தலைப்பாடாய் அடிச்சா. சொந்த வாகனம் உள்ள வீடு எண்டு காட்ட வேண்டாமோ எண்டு நான்தான் கேக்கேல்லை. இதை எழுதாதே, பிள்ளை.

ஞாயிறு பத்து மணி ரயிலுக்குத் தெல்லிப்பழை ஸ்ரேசனில் நின்றேன். மரியாதைக்காக அயலவர், தவில்காரர் பஞ்சலிங்கத்தையும் கூட்டிப்போனேன். அந்நிய ஆம்பிளைக்குப் பக்கத்தில் முன்னுக்கு இருக்கமாட்டேன் என்று குணலட்சுமி அம்மா சொன்னா, நியாயந்தானே. பின்னால் பாய் விரித்துக் கதிரை கட்டியிருந்தேன், அவ இடப்பக்கம் இருந்தா, தங்கள் மகன் இராசநாயகம் தாயின் கதிரையைப் பிடித்தபடி நின்றார், பஞ்சலிங்கம் வலப்பக்கம். தாங்கள் அன்போடு அனுப்பிய, பருவத்துக்கு முந்திப் பழுத்த அந்தப் பெரிய பலாப்பழம் மட்டும் முன்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில் வந்தது. வண்டி வெளிக்கிட்டது. வலப்பக்கம் தேர் அசைவதுபோல அசைந்தது. இடப்பக்கம் முதற் கிடங்கில் துள்ளத் தொடங்கி அடுத்த கிடங்கு வரும்வரை விடாமல் துள்ளியது. ஒரே வண்டியில் வலப்பக்கத்தாருக்குப் பயணம், இடப்பக்கத்தாருக்குச் சூரன்போர். அதற்குத் தக்கபடி பின்கதவும் அடித்தது. வேறு ஊரென்றால் ஆரும் கவனியார்கள். இது அளவெட்டி, தவிலும் நாயனமும் குடியிருக்கிற ஊர். பஞ்சலிங்கம் முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, "மூண்டும் நாலும் ஏழு. தாளம் பிசகேல்லை அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று குணலட்சுமி அம்மாவுக்கு ஆறுதல் சொன்னாராம். சந்தியில் வாசிகசாலையில் இருந்தவர்கள் பேப்பரை மடித்துவைத்துத் தொடையில் தாளம் போட்டார்கள். இடப்பக்கம் அரைத்தட்டுப் பிந்துது என்று ஒருவர் குறையும் சொன்னார். பிள்ளையார் கோயிலடியில் ஒரு மனுசி, சத்தத்தைக் கேட்டுச் சுவாமிதான் வீதிவலம் வருகுது என்று நினைத்து, நிறைகுடம் வைத்துக் கற்பூரம் கொளுத்தித் தேங்காயும் உடைச்சுப்போட்டா. பெண் பார்க்கப் போகிற வழியில் இப்படி ஒரு சகுனம் ஆருக்குக் கிடைக்கும்? நான் பிரேக் போட்டேன். பலாப்பழம் போடவில்லை. அது, மறிக்கப் போன என் வலக்கையை கியர்த் தண்டோடு சேர்த்து நசித்துக்கொண்டு கீழே உருண்டு, மூக்கிலிருந்து கழன்று விழுந்து கிடந்த என் கண்ணாடிக்கு மேல் போய் இருந்தது. பின்னால் குணலட்சுமி அம்மாவின் கொண்டை அவிழ்ந்து, செருப்பு ஒன்று அந்த மனுசியின் நிறைகுடத்துக்குள் விழுந்தது.

வீட்டில் குணலட்சுமி அம்மா வேப்பமரத்தின் கீழே கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்று சோடா இரண்டு குடித்தா. தங்கள் மகன், கிளிநொச்சியில் அரசாங்க ட்ரக்டர்கள் பார்க்கிற உத்தியோகத்தர், இறங்கினதும் வீட்டுப்பக்கம் ஒரு பார்வைதானும் பார்க்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிக்கப்பின் கீழே போய்ப் படுத்துவிட்டார். அரை மணித்தியாலம். என் மகளைப் பார்க்க வந்தவர் என் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். கீழே கிடந்தபடி, "இந்தப் பக்கம் நல்லாய்த்தான் செய்திருக்கு. படம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. நாகேஸ்வரி மூன்றாந்தரம் தேத்தண்ணி சூடாக்கிக் கொண்டுவந்து, வேறு வழியில்லாமல் குனிந்து, சில்லடியில் தட்டத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் கண்டது அவருடைய இரண்டு உள்ளங்காலும். அவர் கண்டது அதுவும் இல்லை. கடைசியில் வாடகைக் கார் பிடித்து ஏற்றினபோது குணலட்சுமி அம்மா, "எல்லாம் பாத்தாச்சு. போட்டு வாறம்" என்றா. அதற்கு என்ன கருத்து என்று மூன்று நாளாக இங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

ஐயா, இது நாகேஸ்வரிக்கு வந்த நாலாவது இடம். முந்தின மூன்றும் என்ரை அவசரத்தாலைதான் குழம்பினது எண்டு இரத்தினம்மா சொல்லுறா, நான் மறுக்கேல்லை. பிள்ளை ஒரு பாவமும் அறியாதவள். எந்த நேரமும் புத்தகமும் தானும். சொக் அப்சோபருக்கும் சுளகுக்கும் வித்தியாசம் தெரியாது. அவளை ஒருவர் ஏறிட்டும் பாராமல் போனதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. இதையும் எழுதாதே. ஆகையால் தாங்கள் வேண்டாம் என்று சொல்லிச் சங்கடப்படுவதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம். மகளின் சாதகக் குறிப்பைத் தபாலில் திருப்பி அனுப்பவும். செருப்பைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம், அனுப்பிவைப்போம்.

தங்கள் பல்லுக்கும் குணலட்சுமி அம்மாவின் இடுப்புக்கும் எல்லாம்வல்ல பிள்ளையார் துணை நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
முத்துக்குமாரு

பின்குறிப்பு: என் ஐயா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல், எழுதாதே என்றவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். இனி வருவது ஐயா சொல்லாதது. கண்ணாடி இல்லாதபடியால் அவர் வாசிக்கவும் மாட்டார். அந்தப் படம் கீறியது நான். நூல்நிலையத்தில் மோட்டார் வாகனங்கள் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. பதினொரு வருடமாக ஒருவரும் இரவல் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டத்தை எடுக்கப் போனபோது, கோப்பைக்குக் கீழே அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது. மேல் நுனியை இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளலாம் என்று பென்சிலால் திருத்தி, அதன் கீழே "மற்றப் பக்கம் எப்போது?" என்று எழுதியிருந்தது. ஒருவரின் எழுத்தைப் பார்ப்பது பெண் பார்ப்பதில் சேருமோ தெரியாது. நான் பார்த்துவிட்டேன்.

மற்றப் பக்கம் நேற்று முடிந்தது. செவ்வாய்க்கிழமை, சரியாக ராகுகாலத்தில். ஐயா அப்போது வாசிகசாலையில் இருந்தார். லியோன் அண்ணை தோட்டத்து ஒழுங்கையால் ஓட்டிப் பார்த்தார். தாளம் போய்விட்டது என்று பஞ்சலிங்கம் மாமாவுக்குத்தான் கவலை. இத்துடன் உள்ள தாளைத் தங்கள் மகனிடம் கொடுக்கவும். இரண்டு அங்குலம் அல்ல, ஒன்றே முக்கால். இரண்டு தள்ளினால் புகைக்குழாயில் முட்டும்.

சாதகத்தை அனுப்ப வேண்டாம். வருகிற ஞாயிறு பத்து மணி ரயிலுக்குப் பிக்கப் ஸ்ரேசனில் நிற்கும். மாமி இடப்பக்கமே இருக்கலாம். செருப்பு இங்கே இருக்கிறது. பலாப்பழத்தைப் பின்னால் ஏற்றுவோம்.

நா.