முக்கால் பாட்டு அண்ணனும் மிச்சக் காலும்

ஒரு பாட்டை முக்கால்வாசி மட்டும் கேட்டுவிட்டு, அதன்மேல் முழுப் பைத்தியமாக அலைந்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் விளாங்குடி முக்கால் பாட்டு அண்ணன்தான். சந்தேகப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் டீ கிடையாது.

அண்ணனுக்கு வேலை தல்லாகுளத்தில், கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிப்பது. வாரம் பூராவும் அடுத்தவர் வழக்கை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய படங்களின் கேசட்டுகளை எடுத்துவைத்து 'மறுவிசாரணை' நடத்துவார். சூட்கேஸ் பருமனில் ஒரு டேப் ரெக்கார்டர் கூடத்தின் நடுவில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்டாக வேண்டும். பிடிக்காத பாட்டைத் தாண்ட அனுமதி இல்லை.

"பந்தியில ஒக்காந்துட்டு ரசம் வேணாம்னு எந்திரிச்சுப் போவியா மாப்ள? மனுசன் மொத்தமா சமைச்சு வச்சிருக்கான்ல!" என்பார்.

எனக்கும் இசைக்கும் உள்ள உறவு, மிக்ஸி சத்தத்தையும் கிரைண்டர் சத்தத்தையும் பிரித்துச் சொல்வதோடு முடிந்துவிடும். நான் போனது அண்ணன் மனைவி, எங்கள் மதினி, போடும் இஞ்சி டீக்காக. அந்த டீக்காக எத்தனையோ அழுகைப் பாட்டுக்குத் தலையாட்டியிருக்கிறேன்.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு கேசட். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டைக் கொடுத்தால், கேட்ட படத்தின் பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். ஆரப்பாளையத்தில் அப்படியொரு கடையில் அண்ணன் ஒரு படத்தைப் பதியக் கொடுத்தார். கடைசிப் பாட்டில் முதல் சரணம் முடிந்து, இரண்டாவது சரணத்துக்கு வயலின்கள் எல்லாம் திமுதிமுவென்று கிளம்புகிற நேரம் பார்த்து நாடா தீர்ந்துபோனது. டக். அவ்வளவுதான். படம் வந்த வேகத்தில் தியேட்டரைவிட்டு ஓடிவிட்டது. ரேடியோவும் அந்தப் பாட்டைச் சீண்டவில்லை. மறுபடி பதியலாம் என்று போனால், ரெக்கார்டிங் கடை செருப்புக் கடையாகியிருந்தது.

வேறு ஆளாக இருந்தால் மறந்திருப்பான். அண்ணன் மிச்சத்தைத் தானே போட்டுக்கொண்டார். டேப் 'டக்' என்று நின்றதும் வலது கை மேலே போகும், கண் மூடும், "தன்னன்னா... தானனா..." என்று ஒரு இரண்டாவது சரணம் கிளம்பும். வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். அது மேலே ஏறி, வழுக்கி, எங்கேயோ தொலைந்தேபோய்விட்டது என்று நாம் பயப்படும்போது பல்லவியின் வாசலில் வந்து நிற்கும். எல்லா ஞாயிறும் விசாரணை இப்படித்தான் முடியும்.

தெருப் பொங்கல் விழாவில் ஒருமுறை பாட்டுப் போட்டி. அண்ணன் மேடையேறிப் பாடினார். நடுவில், வாயாலேயே, கணீரென்று ஒரு "டக்"! நடுவராக வந்த பாட்டு டீச்சர் நாற்காலியோடு ஆடிப்போனார்.

"நடுவுல என்னமோ சத்தம் வந்துச்சே?"

"பாட்டுல உள்ளதுங்க."

"மைக்குல கோளாறுன்னுல்ல நெனச்சேன்!"

ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். "அந்த டக்குக்குத்தான் பரிதாபப்பட்டுக் குடுத்திருக்காக. இந்தக் கருமத்த நிப்பாட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் மதினி.

போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒழுகியது. வழி தேடி செல்போனில் வீடியோ பார்க்கப் போனேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றியிருந்த ஒரு பழைய ஆல்பத்தில் இறக்கிவிட்டது. அதே படம்! கடைசிப் பாட்டு முழுசாக! கேட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மெஷினை ஒழுகவிட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே! மிச்சக் கால் கெடச்சிருச்சுண்ணே!"

வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்றவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், வாசப்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வச்சுக்குவோம் மாப்ள. அது வேற மாதிரி இருந்துச்சுன்னா, இம்புட்டு வருசமா நான் பாடுனது என்னா?"

"என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இம்புட்டு வேர்க்கல இவருக்கு" என்று உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியது. அண்ணன் பட்டு வேட்டியில் இருந்தார். என் ப்ளூடூத் ஸ்பீக்கரை டேப் ரெக்கார்டரின் தலைமேல் வைத்தோம். வயலின்கள் கிளம்பின. டக் வரவேண்டிய இடத்தில் டக் வரவில்லை! பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் பாண்டி விசிலே அடித்துவிட்டார்.

இரண்டாவது சரணம் வந்தது. முதல் சரணத்தின் அதே மெட்டு. வார்த்தை மட்டும் வேறு. வந்தது, போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். "மெட்டுப் போட்டவுகளுக்கு அன்னைக்கு நேரமில்ல போல."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது என் தோளில் கைவைத்து, "பாட்டுன்னா அதுதான் மாப்ள. நான் பாடுனதெல்லாம் சும்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் அஞ்சாறு பேர்தான். கேசட் ஓடி, டக்கென்று நின்றது. அண்ணனின் கை மேலே போகவில்லை, மடியிலேயே கிடந்தது. கேசட்டை வெளியே எடுக்கக் குனிந்தார்.

அடுப்படியிலிருந்து கேட்டது: "தன்னன்னா... தானனா..."

மதினி! ஒரு நெளிவு தப்பவில்லை. பாண்டி சேர்ந்துகொண்டார். சுதி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் நானும் சேர்ந்துகொண்டேன். அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

அண்ணன் பதறிப்போனார். "ஏப்பா, அந்த எடத்துல இழுக்கக் கூடாது, வளைக்கணும்!"

"நீங்க செத்த சும்மா கேளுங்க!" அடுப்படியிலிருந்து அதட்டல் வந்தது.

அண்ணன் கண்ணை மூடினார். ஊரார் பாட்டையெல்லாம் உட்கார்ந்து கேட்ட மனிதர், முதன்முறையாகத் தன் பாட்டை ஒரு ரசிகனாக உட்கார்ந்து கேட்டார். எங்களுக்கும் அதை முடிக்க மனசு வரவில்லை.