அம்மைக்கு என்ன வரி?

“அண்ணாச்சி, கஸ்டம்ஸ்ல திரும்பவும் கேக்காவ. பார்சல்ல என்ன இருக்கு, என்ன விலைன்னு.”

சாரலில் நனைந்த மழைக்கோட்டுத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டபடி, தபால்காரி இசக்கிச்செல்வி கடிதத்தை நீட்டினாள்.

“எங்க அம்மைன்னு எழுதினேனே! அம்மைக்கு விலை உண்டாம்மா?” என்றான் ஆவுடைநாயகம்.

“விலையில்லைன்னா நம்ப மாட்டாவ. வாங்கின பில்லைக் காட்டணும்.”

குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருப்பவன் அவன். லாட்ஜ் சுவருக்கு அருவிப் படம் தேடியபோது, ஒரு வெளிநாட்டுப் புகைப்படக்காரரின் இணையதளத்தில், இறந்துபோன தன் அம்மையைக் கண்டான். ஐந்தருவிப் பக்கம், மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில். அதில் யார்மீதோ கோபமாக இருந்தாள். அன்றே ஒரு அச்சுப்படத்துக்குப் பணம் அனுப்பிவிட்டான்.

மனைவி மஞ்சு கைப்பேசியை உற்றுப் பார்த்தாள். “ஏங்க, பிள்ளை புருவத்துல ஒரு வெட்டு இருக்கே. ஒங்களுக்கு இல்லையே?”

“கேமராவுல தூசி விழுந்திருக்கும். என் மொட்டை எனக்குத் தெரியாதா?”

‘பரிசு’ என்று எழுதிப் பார்த்தான். பரிசுக்கும் வரி உண்டு, கொடுத்தவரின் கடிதம் எங்கே என்று பதில் வந்தது.

லாட்ஜ் மேனேஜர் வழி சொன்னார். “ஏலே, படத்தை விடப் புத்தகத்துக்கு வரி கம்மி. புத்தகம்னு எழுதித் தரச் சொல்லு.”

புகைப்படக்காரருக்கு எழுதினான். அவர் நல்ல மனிதர். ‘பொய் எழுத மாட்டேன். ஆனால் உங்களுக்குப் புத்தகம்தான் வசதி என்றால், அந்தப் படம் உள்ள புத்தகத்தையே அனுப்பியிருக்கிறேன். பணம் மெதுவாக வரட்டும்’ என்றார். புத்தகத்தின் விலை படத்தைப்போலப் பல மடங்கு. ஆவுடைநாயகம் பயந்துபோய், படம் வாங்கின பில்லையே கஸ்டம்ஸுக்கு அனுப்பினான். படமும் விடுதலையானது.

இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. வரியும் இரண்டு.

“ரெண்டு அம்மையை வச்சு என்ன செய்ய?” என்று தலையில் கைவைத்தான்.

மஞ்சு சீட்டுப் பணத்தை எடுத்து வந்தாள். “அத்தை இருக்கையில என்கிட்ட சிரிச்சதே இல்ல. இப்பமாவது சிரிக்கட்டும். குடுங்க.”

படத்தைப் பிரித்தார்கள். ஈரக் கூந்தலோடு அம்மை சிரித்தாள். ஆவுடைநாயகத்துக்குக் கண் நிறைந்தது. குற்றாலநாதரை நினைத்துக் கும்பிட்டான்.

“ஏங்க, அச்சுலயும் தூசியா?” என்றாள் மஞ்சு. குழந்தையின் புருவத்தில் வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

கையெழுத்துக்குக் காத்திருந்த இசக்கிச்செல்வி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மழைக்கோட்டுத் தொப்பியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் வலது புருவத்தில் அதே வெட்டு.

“சின்னப்பிள்ளையில அஞ்சருவிக் கூட்டத்துல தொலைஞ்சு கத்திக்கிட்டிருந்த என்னை, எங்க வீட்டு ஆளுக வார வரைக்கும் ஒரு அக்கா இடுப்புல வச்சு சிரிப்புக் காட்டுனாவளாம். அவுக மொகத்தை இன்னொருக்கப் பாத்துட மாட்டமான்னு எங்க அம்மை இன்னிக்கும் சொல்லுவா” என்றாள். “இது ஒங்க அம்மைதான் அண்ணாச்சி. ஆனா, இந்த மொட்டை நான்லா!”